பட்டனை அழுத்தினால் 101 வெள்ளி காணாமல் போகும்

“பேசிக் லா அத்தை, இது.”

இந்த நாலு வார்த்தையை நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு என் அண்ணன் மகன் புலனத்தில் (வாட்ஸ்அப்தான்) அனுப்பினான். கூடவே கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி ஒன்று. ஒன்பது நாள் ஐயா, ஒன்பது நாள்! செம்பனை மில்லில் லோரி எடை எழுதிவிட்டு வந்து, குளித்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி, ராத்திரி பத்து மணிக்கு மேல் மடிக்கணினியைத் திறந்து நான் முட்டிக்கொண்ட சுவர் அவனுக்கு பேசிக். கோலாலம்பூரில் டிப்ளோமா படிக்கிறானாம். இவனுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். முழுசாக ஒரு மாசம் பிடித்தது. அப்போது நான் சிரிக்கிற மூஞ்சி போட்டேனா?

சொந்தமாக வலைப்பக்கம் எழுதிப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரிந்ததுதான். பட்டனை அழுத்துவீர்கள். எழுதினது திரையில் வரும். வந்த வேகத்தில் மறையும். பெட்டிகள் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி காலி. திட்டுகிற சிவப்பு எழுத்து ஒன்றுகூட இருக்காது. அனுபவப்பட்டவர்களுக்கு இந்நேரம் வயிறு எரிய ஆரம்பித்திருக்கும்.

வீட்டில் தனியாக இருக்கும்போது நடந்திருந்தால் விட்டிருப்பேன். எனக்கு நடந்தது கோவில் கமிட்டியின் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மண்டபத்து மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். விபூதித் தட்டை நகர்த்திவிட்டு அந்த மேசையில் என் மடிக்கணினி. திருவிழா உபயத்தை இனிமேல் கைப்பேசியிலேயே பதிந்துகொள்ளலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அதற்கு நானே எழுதின வலைப்பக்கத்தில் நாலே நாலு பெட்டி: பெயர், கைப்பேசி எண், எந்த நாள் உபயம், எத்தனை வெள்ளி (ரிங்கிட்). கீழே ஒரு பட்டன். முதல் நாள் வரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடியது. அன்றைக்குக் காலையில் ஒரு காணொளியில், இந்த மாதிரிப் பெட்டிகளை ‘ஃபார்ம்’ என்கிற படிவக் குறிக்குள் போடுவதுதான் முறை என்றான் ஒருவன். நல்ல பிள்ளையாக நாலையும் பட்டனையும் அதற்குள் போட்டேன். போட்டதோடு சரி, ஓட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்பு. இந்தப் பதிவில் நான் ஒத்துக்கொள்ளப் போகிற ஒரே தப்பு.

“முதல் பதிவு சாமி பேர்ல இருக்கட்டும்மா” என்று தலைவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் முருகன் என்று தட்டினார். தட்டி முடிப்பதற்குள் ஒருவர் கோப்பி வாங்கப் போய்த் திரும்பி வந்துவிட்டார். 101 வெள்ளி. பட்டனை அழுத்தினார்.

பட்டியலில் ‘முருகன், 101’ வந்தது. எல்லோரும் “ஆ” என்று வாயைத் திறந்தார்கள். மூடுவதற்குள் போய்விட்டது.

“காசு எங்கம்மா?”

“காசு இன்னும் கட்டலையே ஐயா.”

“சரி, பேரு எங்க?”

மறுபடி தட்டினார். மறுபடி வந்தது, மறுபடி போனது. மின்சாரம் சரியில்லை என்றார் ஒருவர், மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வைஃபை என்றார் இன்னொருவர், அந்த வலைப்பக்கம் என் கணினிக்குள்ளேயே இருக்கிறது. மௌஸைத் துடைத்துக்கூடப் பார்த்தார்கள். ஐந்தாவது தடவை மறைந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத பொருளாளர் சட்டைப் பையிலிருந்து 555 புத்தகத்தை, அதாவது கணக்கு எழுதுகிற குட்டி நோட்டை, எடுத்தார். “அஞ்சு நூத்தியொண்ணு, ஐந்நூத்தியஞ்சு வெள்ளி. இப்ப இத நான் யார் கணக்குல எழுதுறது?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

புறப்படும்போது தலைவர் இன்னொன்றும் சொன்னார். “மேல பாரும்மா, சாமி பேரு அங்க ஏறி உக்காந்திருக்கு.” முகவரிப் பட்டையில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் முருகன், கைப்பேசி எண், 101, எல்லாம் வரிசையாக! ஒரு தோட்டத்துப் பெரியவர் கண்ணில் பட்டது எனக்குப் படவில்லை. அதை நகலெடுத்து வீட்டுக்கு வந்து அண்ணன் மகனுக்கு அனுப்பினால், முருகன் இருந்த இடத்தில் % குறியும் ஈ-யும் ஏ-யுமாக ஒரு கம்பிவேலி. எண்ணிப் பார்த்தேன். கணினி எழுத்துகளை வைத்துக்கொள்கிற யூனிகோடில் முருகன் என்பது ஏழு குறி. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்து. ஆக 63. அப்பாவுக்குத்தான் 63 நாயன்மார் என்று நினைத்திருந்தேன், மகனுக்கும் வந்துவிட்டார்கள். பையன் அன்றைக்குப் பதிலே போடவில்லை. பரீட்சையாம்.

அப்புறம் ஒன்பது நாள். முதல் மூன்று நாள், பதிவுகளைச் சேமித்து வைக்கிற தகவல் தளம் (டேட்டாபேஸ்) இல்லாததுதான் குறை என்று முடிவு செய்து, அதை நிறுவக் கற்றேன். அடுத்த இரண்டு நாள் அதை நீக்கக் கற்றேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘இங்கே வந்தேன்’, ‘இங்கேயும் வந்தேன்’ என்று கன்சோலில், அதாவது உலாவி தன் குறிப்புகளைக் காட்டுகிற சன்னலில், அச்சடிக்க வைத்தேன். அந்த வரிகளும் தோன்றி மறைந்தன! பக்கம் புதிதாக ஏறும்போது கன்சோலும் தன்னைத் துடைத்துக்கொள்ளுமாம். துடைக்காதே என்று தனியாக ஒரு இடத்தில் டிக் போட்டு வைக்க வேண்டுமாம். வீட்டில் திருடு போனால் போலீஸ் நிலையமும் சேர்ந்து காணாமல் போகிற ஊரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

காரணம் என்ன தெரியுமா? படிவத்துக்குள் இருக்கிற பட்டன், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், ‘சப்மிட்’ பட்டன். நான் கட்டளைகளை எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குப் படிவம் மூத்தது. எழுதினதைச் சர்வருக்கு அனுப்பு, புதுப் பக்கத்தை வாங்கிக் காட்டு, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை. கிளிக் செய்தால் ஓடு என்று நான் வைத்த கட்டளை முழுசாக ஓடி முடிகிற வரைக்கும் அது மரியாதையாகக் காத்திருக்கிறது. என் பட்டியலில் பெயர் ஏறுகிறது. அப்புறம்தான் “முடிஞ்சிருச்சா? இப்ப என் வேலையைப் பாக்கறேன்” என்று கிளம்பி, மொத்தப் பக்கத்தையும் புதிதாக ஏற்றி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகிறது. நிறுத்துவதற்கு ஒரே வரி. படிவத்தின் சப்மிட் நிகழ்வைக் கேட்கிற இடத்தில் ‘பிரிவென்ட் டிஃபால்ட்’ என்று சொல்ல வேண்டும். நீ வழக்கமாகச் செய்கிறதைச் செய்யாதே, சும்மா இரு. என் வீட்டுக்காரரிடம் இருபது வருஷமாகச் சொல்வதும் அதையேதான், பலன் இல்லை. இங்கே பலித்துவிட்டது.

இதை எந்தப் பாடமாவது முதல் நாளில் சொன்னதா? எல்லாப் பாடத்திலும் ஒரு வெயிட்டர் வருகிறார். ஒரே வெயிட்டர், பத்து மேசை, ஆர்டரை அடுக்களையில் கொடுத்துவிட்டு நிற்காமல் அடுத்த மேசைக்குப் போவாராம், அதுதான் நிகழ்வு வழி நிரலாக்கமாம். எங்கள் ஊர் ரொட்டி சானாய் கடைக்கு வந்து பாருங்கள். தே தாரிக் சொன்னால் கோப்பி வரும், அதுவும் பக்கத்து மேசைக்கு. வெயிட்டர் எதற்கு? என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும், மண்டோர் (கங்காணி) பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும், மழை வந்தால் வெட்டு கிடையாது. இன்னது நடந்தால் இன்னது செய். எனக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். தெரியாதது, நான் கூப்பிடாமலே வந்து வேலை செய்கிற பட்டன்.

அடைப்புக்குறிக் கதையும் ஒன்று இருக்கிறது. கட்டளையின் பெயரை மட்டும் கொடுத்தால் கிளிக் வரும்வரை காத்திருக்கும். பெயருக்குப் பின்னால் வெறும் அடைப்புக்குறி போட்டுவிட்டால், பக்கம் திறந்த உடனே ஓடிவிடும், அப்புறம் எத்தனை தடவை கிளிக் செய்தாலும் அசையாது. அதில் போனது ஒரு சனிக்கிழமை. விடுங்கள்.

இந்த ஜாவாஸ்கிரிப்டை 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் என்ற உலாவிக் கம்பெனியில் பத்தே நாளில் எழுதினாராம். எங்கள் திருவிழாவே பத்து நாள், அதற்கு மூன்று மாசம் முன்னால் கூட்டம் போடுகிறோம். முதலில் மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், அப்புறம்தான் இந்தப் பெயர். பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, ஜாவா வேறு நிரல் மொழி, இது வேறு. பெயர் மாற்றுவதைப் பற்றி எங்களிடம் சொல்லாதீர்கள். சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பது மலாய் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் வாயால் வராது. இன்றைக்கும் பஸ்ஸில் எல்லோரும் பழைய பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறோம்.

சரி, அந்த ஒரு வரியைப் போட்டேன். முருகன் வந்தார், 101 வெள்ளியோடு, நின்றார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். காலையில் முதல் வேலையாகத் தலைவருக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா போன வாரமே பொருளாளர் எல்லாரு பேரையும் 555 புத்தகத்துல எழுதி முடிச்சிட்டாரு. இதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம். சரி. எனக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, அடுப்பில் பால் பொங்குகிற வரைக்கும் சிரித்தேன். ஆனால் ஐயா, போன வருஷத் திருவிழாவுக்கு என் வீட்டிலிருந்து பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கிக்கொண்டு போனீர்களே. சிவப்பு நிறம், ஓரத்தில் என் பெயர் எழுதியிருக்கும். அது எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?