வெண்கலக் கடல்தொட்டியின் சுற்றளவும் நம் ஊர்ப் பதிவுகளும்

திருகோணமலை நண்பர்களின் பக்கங்களில் பை என்னும் எண்ணைப் பற்றி (வட்டத்தின் சுற்று அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் அது; ஏறத்தாழ 3.1416) இரண்டு விதமான பதிவுகள் திரும்பத் திரும்பப் பகிரப்படுகின்றன. வட்டத்தின் சுற்று விட்டத்தின் மூன்று மடங்கு என்று விவிலியம் சொல்லிவிட்டதாகக் காட்டிப் பரிகசிப்பது ஒரு விதம். வேதங்களிலேயே பையின் முப்பத்திரண்டு இலக்கங்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன என்று பெருமை கொள்வது இன்னொரு விதம். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பௌத்தரும் அடுத்தடுத்த ஒழுங்கைகளில் வாழும் ஊர் இது. இங்கே இவ்விரண்டு வகைப் பதிவுகளும் கணிதத்துக்கும் சமயத்துக்கும் ஒருங்கே அநீதி செய்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

அரசர்கள் முதலாம் நூலின் ஏழாம் அதிகாரம், சாலொமோனின் ஆலயத்துக்காக வார்க்கப்பட்ட வெண்கலக் கடல்தொட்டியை வர்ணிக்கிறது. விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், உயரம் ஐந்து முழம், சுற்று முப்பது முழம். எல்லாமே முழு எண்கள். பத்து முழ விட்டத்துக்கு உண்மையான சுற்று ஏறத்தாழ 31.4 முழம் என்பதால், ஒன்றரை முழத்துக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு இருக்கிறது. அதே அதிகாரம் தொட்டியின் தடிப்பு ஒரு கையகலம் என்றும் சொல்வதால், விட்டத்தை வெளியேயும் சுற்றை உள்ளேயும் அளந்திருப்பார்கள் என்று விளக்குவோர் உண்டு. முழத்துக்கு ஆறு கையகலம் என்று கொண்டால் உள்விட்டம் ஒன்பதே மூன்றில் இரண்டு முழமாகும்; சுற்று 30.4 முழம் வரும். வேறுபாடு சுருங்குகிறதே தவிர மறையவில்லை. இந்த மீட்பு முயற்சி அந்நூலுக்குத் தேவையும் இல்லை. ஒரு மாபெரும் பாத்திரத்தின் அளவை வாசகர் மனத்தில் நிறுத்துவது ஆசிரியரின் நோக்கம். வட்டத்தின் இலக்கணத்தைச் சொல்ல அவர் முன்வரவேயில்லை. பிற்காலத்தில் யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூதின் ஏரூபின் பகுதி இதே வசனத்தை ஆதாரமாகக் காட்டி, மூன்று கையகலச் சுற்றுள்ள பொருளுக்கு ஒரு கையகல விட்டம் என்ற விதியை நடைமுறைக்கு எடுத்துக்கொண்டது.

மூன்று என்ற எண்ணுக்காக விவிலியத்தைப் பார்த்துச் சிரிக்கும் சைவ நண்பர்கள், வேள்வி மேடைகளை அளந்து அமைக்கும் முறை சொல்லும் போதாயனரின் சுல்ப சூத்திரத்தையும் திறந்து பார்க்க வேண்டும். வேள்விக் கம்பம் நடும் குழிக்கு ஒரு பாதம் விட்டம், மூன்று பாதம் சுற்று என்று அங்கேயும் இருக்கிறது. அதே நூல், சதுர வேதிகையை, அதாவது வேள்வி மேடையை, பரப்பளவு மாறாமல் வட்டமாக்க ஒரு வழி சொல்கிறது. சதுரத்தின் அரை மூலைவிட்டம் அரைப் பக்கத்தைவிட எவ்வளவு கூடுகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கை அரைப் பக்கத்தோடு சேர்த்து ஆரையாகக் கொள்ளச் சொல்கிறது. இதிலிருந்து பைக்குக் கிடைக்கும் மதிப்பு 3.088. வட்டத்தைச் சதுரமாக்க, விட்டத்தின் பதினைந்தில் பதின்மூன்று பங்கைப் பக்கமாக எடுக்கும் விதியோ 3.004 தருகிறது. ஒரே நூலுக்குள் மூன்று மதிப்புகள். கயிறும் முளையும் கொண்டு வேதிகை அமைத்தவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வழி போதுமாயிருந்தது. முப்பத்திரண்டு இலக்கச் சுலோகம் என்று பரப்பப்படுவது, 1965இல் வேதகணிதம் என்ற பெயரில் அச்சான நூலில் வந்தது. எந்த வேத சங்கிதையிலும் அது இல்லை. இல்லாத பெருமையைக் கடன் வாங்கும்போது இருக்கின்ற பெருமை மறைந்துபோகிறது என்பதே என் ஆழ்ந்த வருத்தம்.

சமண நூல்களின் கணக்கு இதைவிடச் சுவையானது. அவை உலகின் நடுவிலுள்ள வட்டத் தீவாக வர்ணிக்கும், ஒரு லட்சம் யோசனை விட்டமுள்ள ஜம்புத்தீவின் சுற்று 3,16,227 யோசனை, 3 கவ்யூதி, 128 தனுசு, பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம் என்கின்றன. இவையெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் பழைய நீள அலகுகள். பத்தின் வர்க்கமூலத்தைப் பையாகக் கொண்ட கணக்கு இது. வர்க்கமூலத்தை அங்குலம் வரை இறக்கிய திறமை வியப்புக்குரியது. ஆயினும் எடுத்துக்கொண்ட மதிப்பே அண்ணளவானது என்பதால், உண்மையான சுற்றிலிருந்து விடை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் விலகி நிற்கிறது. நுணுக்கமாகக் கணிப்பதும் சரியாகக் கணிப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆகவே பழைய நூல் ஒன்று எத்தனை தசம தானம் சரியாகச் சொன்னது என்று கேட்பதைவிட, தன் விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று யார் கேட்டார் என்பதையே நாம் கேட்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கப் பல்கோணிகளை வட்டத்துக்கு உள்ளும் புறமும் வரைந்து, பை 223/71க்கும் 22/7க்கும் இடைப்பட்டது என்று இரு பக்கமும் வேலி போட்டார். 499இல் ஆரியபட்டர் 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்று என்று கூறியபோது, அது அணுகிய மதிப்பே என்று அந்தச் சூத்திரத்திலேயே சொல்லி வைத்தார். அந்த மதிப்பைப் பக்தாத்தில் அல் குவாரிஸ்மி எடுத்தாண்டார். 1424இல் சமர்கந்தின் அல் காஷி, பிரபஞ்சத்தின் சுற்றைக் கணித்தாலும் பிழை ஒரு குதிரை மயிரின் தடிப்பை எட்டக்கூடாது என்று முதலில் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான அளவுக்குப் பதினாறு தசம தானங்கள் வரை சென்றார். கேரளத்தின் நீலகண்ட சோமயாஜியோ, விட்டத்தை மீதியின்றி அளக்கும் எந்த அலகாலும் சுற்றை மீதியின்றி அளக்க முடியாது என்று ஆரியபட்டருக்கு உரை எழுதுகையில் குறிப்பிட்டார். அதற்கான நிறுவலை 1761இல் லாம்பர்ட் தந்தார்.

நம் தமிழிலும் காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்னும் பழைய கணித நூல் இருக்கிறது. விட்டத்தை ஏழு கூறாக்கி, அதனோடு நான்கு கூறு சேர்த்து இரட்டித்தால் சுற்று என்கிறது, அதாவது 22/7. பத்தடி விட்டமுள்ள கிணற்றுக்கு இந்த விதியால் வரும் பிழை ஓர் அங்குலத்தின் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று மடங்கு என்று எடுத்தாலோ பதினேழு அங்குலம் குறையும். அரைச்சுற்றை அரைவிட்டத்தால் பெருக்கினால் பரப்பளவு என்று அந்நூல் தரும் விதியில் அண்ணளவே இல்லை. அது முற்றிலும் சரியானது.

நம் பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் 22/7ஐப் பையாகவே பிரதியிட்டுப் பழகிய பிள்ளைகளில் பலர், இரண்டும் ஒன்றே என்று நம்பியபடி சாதாரண தரப் பரீட்சையை முடித்து வெளியேறுகிறார்கள். இதை மாற்றப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. சாலொமோனின் தொட்டி, போதாயனரின் வேதிகை, ஜம்புத்தீவு, அல் காஷி, கணக்கதிகாரம் ஆகிய ஐந்தையும் ஒரே பாடவேளையில் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் பிழை எத்தனை சதவீதம், அந்த வேலைக்கு அது போதுமா என்று பல சமயத்துப் பிள்ளைகளும் கலந்த குழுக்களாக உட்கார்ந்து கணிக்கச் செய்யலாம். திருகோணமலையில் கணிதம் கற்பிக்கும் எவரேனும் இதைச் செய்தால், பிள்ளைகள் கண்ட விடைகளை இப்பதிவின் கீழே எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.