பொனெட்டில் எண்ணெய் பூசினால் பெயின்ற் தப்புமா?

நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்துக்குப் புறப்படுவோரிடையே, தேங்காய் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கலந்து காரின் பொனெட்டிலும் முன் பம்பரிலும் பூசிவிட்டால், கல் தெறித்தாலும் பெயின்றில் கீறல் விழாது, பூச்சிகளும் ஒட்டாது என்ற குறிப்பொன்று வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இது தவறானது.

காரின் மேல் உள்ள நிறமற்ற பூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பே கொண்டது; கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியில் முன்னே செல்லும் லொறியின் சக்கரம் எறியும் சரளைக் கல்லின் விசையை, அதன்மேல் படிந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் உள்வாங்காது. மாறாக, அப்படலம் தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்வதால், ஊர் சேர்ந்ததும் துணியால் துடைப்பவர் உண்மையில் தம் காரை உப்புத்தாளால் தேய்க்கிறார். மண்ணெண்ணெய் முன்பு இட்ட மெழுகையும் கரைத்துவிடும். அது தீப்பற்றக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டுமா?

பூச்சிகள் ஒட்டாது என்பதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதற்கு நல்ல மெழுகே போதும்.

கல்லைத் தடுக்க வேண்டுமெனில் தடிப்புள்ள தடை தேவை. பெயின்றின் மேல் ஒட்டும் பொலியூரிதேன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பாதுகாப்புத் தாள் ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரோன் கொண்டது. ஒரு பயணத்துக்கு மட்டும் எனில், பெயின்ற் வேலையில் பயன்படும் காகித ஒட்டுநாடாவை, கழுவி உலர்த்திய பொனெட்டின் முன் விளிம்பில் ஒட்டலாம். சிறு கற்களுக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும். வெயிலில் நாட்கணக்கில் விட்டால் பசை இறுகிவிடுமாதலால், பயணம் முடிந்ததும் உரித்துவிட வேண்டும். அண்மையில் மறுபூச்சுச் செய்த பகுதியில் ஒட்டவே கூடாது.