நிதி இல்லாத முனைவர் பட்ட இடம்: நம்பிச் சேரலாமா?
"நிதியுதவி இல்லாவிட்டாலும் முனைவர் படிப்பில் சேர்ந்துவிடுங்கள், இரண்டாம் ஆண்டில் எப்படியும் உதவித்தொகை வந்துவிடும்" என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த ஒருவர் இந்த நம்பிக்கையில்தான் கடன் வாங்கிச் சேர்ந்தார். கற்பித்தல் உதவியாளர் வேலைகள் (பேராசிரியருக்குப் பாடம் நடத்த உதவி, அதற்கு ஊதியம் பெறுவது) ஒவ்வொரு பருவமும், சேர்க்கைக் கடிதத்திலேயே நிதி உறுதி பெற்றவர்களுக்குத்தான் முதலில் போகும். மிச்சம் இருந்தால் இவருக்கு. வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் அவர் விண்ணப்பித்த ஆய்வு மானியம் வரவில்லை, அதனால் அவராலும் இவருக்குப் பணம் தர முடியவில்லை. அப்புறம் பகலில் ஆய்வகம், இரவில் வேறு வேலை என்று அலைந்து, கடைசியில் முனைவர் பட்டம் முடிக்காமல், இடையில் கிடைக்கும் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறினார். அதே பட்டத்துக்கு நேராகச் சேர்ந்திருந்தால் இரண்டு ஆண்டில் முடிந்திருக்கும், செலவும் முன்பே தெரிந்திருக்கும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் முதுகலை வீண் என்கிறார். வெறும் பாடங்களோடு முடிகிற முதுகலை என்றால் சரி, ஆனால் ஆய்வேடு எழுதும் முதுகலை அப்படியல்ல. நம் வேலையை நேரில் பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், அடுத்த முறை நிதியோடு இடம் கேட்கும்போது பெரிய பலம். சேருவதற்கு முன் துறைக்கே எழுதிக் கேளுங்கள்: நிதி இல்லாமல் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் கிடைத்தது, அதில் கல்விக் கட்டணமும் அடக்கமா? வாய்வார்த்தை போதாது, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.