22-250 வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

ஒஹாயோவில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, கிரவுண்ட்ஹாக் சுட 22-250 ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன். நல்ல கேலிபர்தானே?"

நல்ல கேலிபர்தான், அதாவது நல்ல தோட்டா அளவுதான். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அன்றைக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் வைத்துவிட்டேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரவுண்ட்ஹாக் என்பது பன்றி இல்லை, அணில் குடும்பம். ராமர் முதுகில் தடவிக்கொடுத்தாரே, அந்த அணிலுக்கு ஐந்து கிலோ எடையில் ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் நான் இருக்கும் பக்கம் சோயா முளைவிட்டதும் வயலோரத்தில் அரைவட்டமாக மொட்டை விழும். அரைவட்டத்தின் நடுவில் வளை இருக்கும். பக்கத்துப் பண்ணைப் பெரியவரின் டிராக்டர் முன்சக்கரம் ஒருமுறை அந்த வளைக்குள் இறங்கியதை நானே நின்று பார்த்தேன். மாட்டுக்கொட்டகை அஸ்திவாரத்தின் அடியிலிருந்தும் கிரவுண்ட்ஹாக் மண்ணைத் தோண்டி வெளியே தள்ளியிருந்தது. இப்படிப் பண்ணைக்குத் தொல்லை தரும் பிராணிகளைத்தான் இங்கே வார்மின்ட் என்பார்கள். கிழக்கே கிரவுண்ட்ஹாக், மேற்கே பிரெய்ரி டாக் (அதுவும் நாய் இல்லை, அணில் குடும்பம்தான்), எங்கும் கயோட்டி என்கிற நரி மாதிரியான காட்டு நாய்.

அப்புறம் ஒன்று. தம்பி கிரீன் கார்டு வாங்கிவிட்டார், சரி. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. நண்பனின் ரைபிளைச் 'சும்மா ஒரு தடவை' என்று கையில் வாங்குவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, 22-250 கதைக்கு வருகிறேன். கடையில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஓர் எண். 55 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது குண்டையும் மருந்தையும் நிறுக்கும் எடை அளவு), நொடிக்கு 3,680 அடி. பக்கத்தில் இருந்த 223 ரெமிங்டன் வகை ரைபிளில் அதே குண்டு 3,240 அடிதான். சம்பளம் வாங்கிய வாரம் வேறு. 440 அடி கூடக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரியவரின் வயலை அளந்து பார்த்தேன். கொட்டகை வாசலிலிருந்து மிகத் தூரமான வளைக்கு 180 கெஜம். அவ்வளவுதான்! அந்தத் தூரத்தில் கிரவுண்ட்ஹாக்குக்கு 3,240 போதாமல் 3,680 தேவைப்படுமா? முதல் குண்டு வெடித்ததும் கறவை மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை திருப்பிப் பார்த்தன. சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் ஐந்து நிமிடத்தில் பெரியவருக்குப் போன் போட்டுவிட்டார். இந்த மாநிலத்தில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் அந்த வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் வேட்டைக்குச் சுடக்கூடாது. நான் 150-ஐத் தாண்டித்தான் நின்றேன், சட்டப்படி தப்பு இல்லை. ஆனால் சத்தத்துக்குச் சட்டம் தெரியாதே. பெரியவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் அவருடைய அப்பா வைத்திருந்த 22 ஹார்னெட்டை எடுத்துவந்து காட்டினார். 1930-இல் வந்த தோட்டா அது. அதன் வேகத்தைச் சொன்னால் இன்றைய பையன்கள் சிரிப்பார்கள். அந்த வயலில் அதுவே தாராளம்.

223-உம் 22-250-உம் சுடுவது ஒரே விட்டமுள்ள குண்டு, 0.224 அங்குலம். வித்தியாசம் பின்னால் இருக்கும் வெடிமருந்தில். 223-இல் ஏறக்குறைய 25 கிரெயின் மருந்து, 22-250-இல் 35-ஐத் தாண்டும். ஒரே ஓட்டை வழியாக அத்தனை நெருப்பும் போக வேண்டும். கூடுதல் வேகம் அங்கிருந்துதான் வருகிறது. சூடும், சத்தமும், குழல் தேய்மானமும் அங்கிருந்துதான் வருகின்றன. 1935-இல் வந்த 220 ஸ்விஃப்ட் நொடிக்கு 4,000 அடியைத் தாண்டி, 'குழலைத் தின்னி' என்ற கெட்ட பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. 22-250 அந்த அளவுக்கு மோசமில்லை. பழைய 250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, பொழுதுபோக்குக்காரர்கள் பல வருஷம் வீட்டுப் பட்டறையில் செய்துகொண்டிருந்ததைத்தான் 1965-இல் ரெமிங்டன் தன் பெயர் போட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சரித்திரம் எனக்குப் பிடிக்கும். தோள்தான் ஒத்துழைக்கவில்லை.

சூடு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது தெற்கு டகோட்டாவில். ஜூன் மாதம், பெரியவரின் மருமகனோடு ஒரு தனியார் பண்ணையில் பிரெய்ரி டாக் சுடப் போனோம். ஒரு கிலோ தேறினால் அதிகம் என்கிற பிராணி. நிமிர்ந்து நின்றால் அகலம் என் உள்ளங்கை அளவு. ஒரு மேட்டில் ஒன்று உள்ளே போனால் பக்கத்து மேட்டில் இரண்டு எட்டிப் பார்க்கும். கிரவுண்ட்ஹாக் வேட்டையில் ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு குண்டு என்றால், இங்கே ஒரு காலைக்கு நூறு. இருபதாவது குண்டிலேயே என் குழலைத் தொட முடியவில்லை. குழலிலிருந்து எழும் வெப்பம் ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, முன்னால் தோசைக்கல் மேல் காற்று ஆடுகிற மாதிரி ஆடியது. ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மருமகன் 223-ஐ வைத்துக்கொண்டு நிதானமாகச் சுட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சுடும்போது தோளில் விழும் உதை குறைவு என்பதால் குண்டு விழும் இடத்தை அவரே ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டார். என் ஸ்கோப் அதற்குள் துள்ளி வானத்தைக் காட்டியிருக்கும். "எங்கே விழுந்தது?" என்று ஒவ்வொரு தடவையும் அவரைக் கேட்க வேண்டியிருந்தது.

காற்று? அதற்குத்தானே 22-250 என்பீர்கள். மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில் 300 கெஜத்தில் 223-இன் 55 கிரெயின் குண்டு ஏறக்குறைய ஒரு அடி தள்ளிப் போய் விழும். 22-250-இல் அதில் இரண்டு மூன்று அங்குலம் குறையும். ஆனால் காற்று 10 மைலா 15 மைலா என்று கணிப்பதில் நான் செய்யும் தப்பு அதைவிடப் பெரியது. மேட்டுக்கு வலப்பக்கம் புழுதி கிளம்புவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நிறையச் சுட்டால்தான் கை பழகும். தோட்டா மலிவாக இருந்தால்தான் நிறையச் சுட மனசு வரும். அதிலும் 223-தான் ஜெயிக்கிறது. ராணுவத்தின் 5.56 தோட்டாவுக்கு உடன்பிறப்பு என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மற்ற தோட்டா வகைகள் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 22 எல்ஆர் 75 கெஜத்துக்குள் சரி, ஆனால் மெதுவாகப் போகும் அந்த ஈயக்குண்டு கல்லில் பட்டால் தெறித்து எங்கே வேண்டுமானாலும் போகும். 2002-இல் வந்த 17 எச்எம்ஆர் எனக்கு ரொம்பப் பிடித்த தோட்டா. வீடுகள் நெருக்கமான இடத்தில் 125 கெஜம் வரை அதுதான் என் பரிந்துரை. 200 கெஜத்தில் அதே 10 மைல் காற்று அதை ஓர் அடிக்கு மேல் நகர்த்திவிடும், கயோட்டிக்கோ அது போதவே போதாது. 204 ரூகர் நல்ல சரக்கு, கைக்கு லேசு, ஆனால் சின்ன ஊர்க் கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மானுக்கும் சேர்த்து ஒரே ரைபிள்தான் வாங்க முடியும் என்றால் 243. மற்றபடி கிரவுண்ட்ஹாக்குக்கு 243 என்பது கொசுவுக்குக் கோடரி.

கேலிபரைவிட முக்கியமான விஷயத்தை யாரும் கேட்பதில்லை, குண்டு எந்த வகை என்று. பயிற்சிக்காக விற்கும், முழு உலோக உறை போட்ட மலிவுக் குண்டை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். பிராணியை ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். அது வளைக்குள் போய்ச் சாகும். குண்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மெல்லிய உறையும் பிளாஸ்டிக் முனையும் உள்ள வார்மின்ட் குண்டு பட்ட இடத்திலேயே நொறுங்கும். பின்னால் மேடு இல்லாமல் சுடக்கூடாது என்பது அதற்கும் பொருந்தும்.

நொறுங்குவதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. செத்த பிரெய்ரி டாக்கை யாரும் எடுப்பதில்லை, பருந்தும் கழுகும் வந்து தின்னும். உள்ளே ஈயத் துணுக்குகள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் நான் இரண்டு வருஷமாக ஈயம் இல்லாததைத்தான் வாங்குகிறேன். விலை அதிகம், என் பழைய குழலில் குறி கொஞ்சம் சிதறவும் செய்கிறது.

அந்த தெற்கு டகோட்டாவிலேயே கொனாட்டா பேசின் என்ற பகுதியில் பிரெய்ரி டாக்கைச் சுடவே கூடாது. கறுப்புக்கால் ஃபெரெட் என்கிற, கீரி மாதிரி மெலிந்த பிராணி அங்கே வாழ்கிறது, அதற்குச் சாப்பாடே பிரெய்ரி டாக்தான். அழிந்தேபோய்விட்டது என்று நினைத்திருந்த அந்த ஃபெரெட்டை 1981-இல் வயோமிங்கில் மீட்டீட்ஸி பக்கத்துப் பண்ணை நாய் ஒன்று கவ்விக்கொண்டுவந்து போட்டதாம். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் தொல்லை, அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட உணவு. சுட்டுவிட்டு வந்த இரவு இதைப் படித்தபோது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மேற்கே போகவில்லை. கொட்டகைக்கு அடியில் தோண்டுகிறவற்றைச் சுடுவதோடு சரி.

ஆக தம்பி, முதலில் வயலை அளந்து பாருங்கள். எத்தனை கெஜம், பின்னால் என்ன, சத்தம் கேட்டால் யார் போன் போடுவார்கள். 223 வாங்கினால் பெரும்பாலும் வருத்தப்பட மாட்டீர்கள். இல்லை, 22-250-தான் வேண்டும் என்றால் புதுசு வாங்க வேண்டாம். என்னுடையது அலமாரியில்தான் தூங்குகிறது. நீங்கள் வேறு மாநிலம் என்பதால் முறைப்படி உங்கள் ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை வழியாகத்தான் அனுப்ப முடியும். விலையை மட்டும் இங்கே எழுதமாட்டேன், வீட்டில் படிப்பார்கள்.