எங்கள் வீட்டில் கலைப் பின்னணி இல்லையாம்

சனிக்கிழமை மேடையில் ஒருவர் ஓவியரான என்னைப் பாராட்டிச் சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். "கலைப் பின்னணியே இல்லாத குடும்பத்திலிருந்து தானாக முளைத்து வந்தவர்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவும் தட்டினாள்.

நான் தானாக முளைக்கவில்லை.

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டாவது மாடி. வாசல் என்று இருந்தது படிக்கட்டு முடிகிற இடத்துச் சிமென்ட் தரைதான். மார்கழியில் அதில் அம்மா 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளிக் கோலம் போடுவாள். இடம் போதாது, புள்ளிகளை நெருக்கி வைப்பாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இழையாக இறங்கும். வளைவில் கை நிதானிக்கும், நேரில் ஓடும், இழையின் தடிமன் மட்டும் மாறாது. அழித்துப் போடுகிற பேச்சே கிடையாது. ஒரு புள்ளி தப்பினால் சிக்கு முடியாது. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். என் கோட்டில் 'கட்டுப்பாடு' தெரிகிறது என்று எழுதுகிறார்களே, அது அந்தப் படிக்கட்டில் வந்தது.

"பாராட்டத்தானே செய்தார், இதற்குப் போய் கோபமா?" என்பீர்கள். என்னைப் பாராட்ட என் அம்மாவை ஏன் இல்லாமல் ஆக்க வேண்டும்? "கோலம் எல்லா வீட்டிலும்தான் போடுகிறார்கள்" என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். போடட்டும். எல்லா வீட்டிலும் இருந்தால் அது கலை இல்லை என்று ஆகிவிடுமா?

இதே டெல்லியில், தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிற ஜெய்ப்பூர் ஹவுஸில் அம்ரிதா ஷெர்கில் ஓவியங்களைப் பார்க்கப் போகிறோம். அவருடைய அப்பா உம்ராவ் சிங் புகைப்படக் கலைஞர், அம்மா பாடகி, ஓவியத்தில் ஊக்கம் தந்தவர் தாய்மாமா எர்வின் பக்தாய் என்று மறக்காமல் சொல்கிறோம். நியாயம்தான். 1937இல், தென்னிந்தியா சுற்றிய பிறகு அம்ரிதா வரைந்த ஓவியங்களிலும் அந்த வீடு இருக்கிறது என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். கேமராவும் பியானோவும் இருந்த வீடு பின்னணி. கோலமாவு டப்பா இருந்த வீடு வெறும் வீடா?

"நீங்களே முன்பு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. கண்காட்சிக்குக் கொடுக்கிற என் குறிப்பில் கல்லூரி இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அம்மா பெயர் இல்லை. எட்டு வருடமாக இல்லை. இன்று காலைதான் சேர்த்தேன்.

சனிக்கிழமை ராத்திரி ஆட்டோவில் "நல்லாப் பேசினார்டி அவர்" என்றாள் அம்மா. முழங்கால் வலியால் அவள் குனிந்து கோலம் போட்டு மூன்று வருடமாகிறது. விரல் மட்டும் மடியில், புடவை மேல், எதையோ வளைத்துக்கொண்டே வந்தது.