கிளாஸ்கோ இல்லாமல் அலஸ்டர் கிரே ஏது?

‘புவர் திங்ஸ்’ படம் வந்தபோது எம்மா ஸ்டோனைப் புகழாதவர் இல்லை. அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மூலக்கதையை எழுதிய அலஸ்டர் கிரேயின் பெயர் அந்தப் பேச்சில் அடிபடவே இல்லையே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடக்கும் கதையைப் படம் லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனது.

ஊர் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். கிரேக்கு ஊர்தான் எல்லாமே. 1934இல் கிளாஸ்கோவின் ரிட்ரி பகுதியில் ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தவர். அதே ஊரின் கலைக் கல்லூரியில் சுவரோவியம் படித்தார். மாணவனாக இருந்த காலத்தில் எழுதத் தொடங்கிய ‘லானார்க்’ நாவல் 1981இல்தான் அச்சேறியது. அப்போது வயது 46. இடைப்பட்ட காலத்தில் பள்ளியில் ஓவிய ஆசிரியர், நாடகத்துக்குக் காட்சித்திரை வரைபவர் என்று பிழைப்பு ஓடியது. அந்த நாவலில் ஓர் இளம் ஓவியன் ஆதங்கப்படுவான்: பாரிஸுக்கோ லண்டனுக்கோ முதல்முறை போகிறவனுக்குக்கூட அந்த ஊர் புதிதில்லை, ஓவியத்திலும் நாவலிலும் சினிமாவிலும் ஏற்கெனவே பார்த்திருப்பான், கிளாஸ்கோவை அப்படிக் கற்பனை செய்ய ஆளே இல்லை என்று. கிரே ஆயுள் முழுக்கச் செய்தது அந்த வேலையைத்தான்.

1992இல் வந்த ‘புவர் திங்ஸ்’ நாவலில் பெல்லாவின் (படத்தில் எம்மா ஸ்டோன் நடித்த பாத்திரம்) உடலை கிளாஸ்கோவின் க்ளைடு நதியிலிருந்து எடுக்கிறார்கள். அவளுக்கு மறுபடி உயிர்கொடுக்கும் டாக்டர் பாக்ஸ்டரின் வீடு அதே ஊரின் பார்க் சர்க்கஸ் பகுதியில், கதவு எண்ணோடு இருக்கிறது. இதையெல்லாம் எடுத்துவிட்டு லண்டனில் ஒரு பாலத்திலிருந்து அவளைக் குதிக்கவிட்டால், எந்த ஊரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று அந்த மனிதர் ஏங்கினாரோ அதையே மறுபடி மறைத்ததாகாதா?

இன்னொன்றும் போய்விட்டது. நாவலின் பெரும்பகுதி பெல்லாவின் கணவர் மெக்கண்ட்லெஸ் எழுதிய நினைவுக்குறிப்பு. அது முடிந்ததும் மனைவியின் கடிதம் வரும். 1914இல் எழுதி, 1974இல் உயிரோடு இருக்கப்போகும் சந்ததிக்காக அவர் விட்டுச்சென்றது. மருத்துவராகிவிட்ட அந்தப் பெண், கணவர் எழுதியது அத்தனையும் கட்டுக்கதை என்கிறார். அதைப் படித்ததும் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சந்தேகத்தோடு புரட்ட வேண்டியிருக்கும். படத்தில் இந்தக் கடிதமே கிடையாது. ஒரு பெண்ணின் விடுதலையைக் கொண்டாடிய படம், அவள் தன் வாயால் சொன்னதை மட்டும் விட்டுவிட்டது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கிரே தன் புத்தகங்களுக்கு அட்டையும் படங்களும் தானே வரைந்தவர். இளமையில் அவர் வரைந்த ஒரு தேவாலயச் சுவரோவியம் கட்டடத்தை இடித்தபோது அழிந்துபோனது. ஆனால் கிளாஸ்கோவின் பைரஸ் சாலையில், தேவாலயமாக இருந்து கலை அரங்கமாக மாறிய ஓரன் மோரில் அவர் வரைந்த கூரையும், ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையச் சுவரும் இருக்கின்றன. 2019 டிசம்பரில், 85ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தார். படம் வரும்போது அவர் இல்லை.

படம் பிடித்தவர்கள் நாவலையும் எடுங்கள். அப்புறம் ‘லானார்க்’. அது மூன்றாம் பாகத்தில் தொடங்கும், பிறகு ஒன்று, இரண்டு, நான்கு என்று போகும். அச்சுப்பிழை என்று நினைத்துப் பக்கங்களை மாற்றிப் படிக்காதீர்கள், அவர் கொடுத்த வரிசையிலேயே போங்கள்.