நம்மூரை யார் படமெடுப்பது?

கமரா வைத்திருக்கும் திருமலை, அதாவது திருகோணமலைப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்க வேண்டும். விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்குப் போகிறீர்கள், எல்லவுக்குப் போய் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்வரை காத்திருக்கிறீர்கள். படங்களும் அருமையாக வருகின்றன. ஒவ்வொன்றையும் நின்று பார்க்கிறவன் நான். ஆனால் நம்மூர் மீன் சந்தையை யார் எடுக்கிறீர்கள்? மட்டிக்களியை? உட்துறைமுக வீதியில் பின்னேரம் காற்று வாங்க வந்து உட்கார்ந்திருக்கும் கிழவர்களை?

வெளியூர் போவதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அது பெரிய சந்தோஷம். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் விடியற்காலைக் குளிரில், ஓடைக்கரையில் ஆறுமணிக்குருவிக்காகக் காத்திருப்பது தனி அனுபவம். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வரும் பறவை அது. சருகுக்குள் கொத்திக்கொண்டு திரியும். நாம் அசைந்தால் போய்விடும். அங்கே நின்றால் அசையாமல் இருக்கப் பழகலாம், இருட்டுக்குள் வெளிச்சத்தைத் தேடப் பழகலாம். பேராதனைப் பூங்காவில் பகல் முழுக்க மரத்தில் தொங்கும் வௌவால்கள் வேறு பாடம்: வெள்ளை வானத்துக்கு எதிராகக் கறுத்த உருவத்தை எப்படி அளந்து எடுப்பது என்று. அலுவலக வேலை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் கமராவோடு வெளிக்கிடும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பூங்காக்கள்தான் பள்ளிக்கூடம்.

ஆனால் விக்டோரியா பூங்காவை நான் எடுக்காவிட்டால் உலகத்துக்கு ஒன்றும் குறையாது. என்னைவிடப் பெரிய லென்ஸோடு வருகிறவர்கள் அங்கே ஒவ்வொரு பருவமும் நிற்கிறார்கள். திருமலை அப்படியில்லை. இங்கே நாம் எடுக்காமல் விட்டது இல்லாமலே போகும். போயும் இருக்கிறது.

யுத்த காலத்தில் இந்த ஊரில் வளர்ந்தவர்களிடம் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். துறைமுகமும் கோட்டையும் படையினர் கையில். கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டுவதென்றால் யோசிக்க வேண்டியிருந்தது. பிலிம் சுருளும் விலை, கழுவுவதும் விலை. அதனால் படம் என்றால் கல்யாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டை. தெருவைப் படமெடுத்தவர் யார்? பள்ளிக்கூடத்து மாமரத்தையும் சந்திக் கடையையும் எடுத்தவர் யார்? எடுத்துவைத்த கொஞ்சமும் தங்கவில்லை. இடம்பெயரும்போது சனம் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடியது, அல்பத்தை யார் தூக்கினார்கள்? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது குச்சவெளியிலிருந்து மூதூர்வரை வீட்டோடு சேர்ந்து படங்களும் போயின. தாய் தகப்பனின் முகத்துக்கு ஒரு படமும் மிஞ்சாத வீடுகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

கிண்ணியாப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதை என்றால் இங்கே தெரு இல்லை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவை. 2009இல் பாலம் திறக்கும்வரைக்கும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சந்தைக்குப் போகும் கூடைகளும் மனிதரோடு சேர்ந்து அந்தப் பாதையில்தான் களப்பைத் தாண்டின. கர்ப்பிணிப் பெண்கள் அதில் காத்து நின்றிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், மீன் பெட்டிகள். ஒரு சமூகத்தின் அன்றாடம் முழுவதும் அந்தப் பலகைத் தட்டின் மேல் இருந்தது. பாலம் வந்தது நல்லது, மிக நல்லது. திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள், அதன் படம் எங்கும் கிடைக்கிறது. பாதையின் படம்? தேடிப் பாருங்கள், ஒருசில கிடைக்கும். அதில் நின்றவர்களின் முகம் தெரியும்படியாகக் கிடைக்குமா?

ஒரு படம் எவ்வளவு பெரிய சாட்சி என்பது கோணேசர் கோயிலைப் பற்றிப் பேசும் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் அது. கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போயிற்று, ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் சுழியோடி, தண்ணீருக்குள் கிடந்த வேலைப்பாடுள்ள கற்களைப் படமெடுத்தார்கள். அதற்கு முன்னும் மீனவர்கள் அந்தக் கற்களை அறிந்திருப்பார்கள். ஆனால் கரையில் நின்றவர்கள் பார்ப்பதற்குக் கமரா உள்ளே இறங்க வேண்டியிருந்தது. கோட்டை வாசலில் பழைய மன்னன் குளக்கோட்டனின் கோயில் திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டுத் துண்டும் இணைக்கயல் (இரட்டை மீன்) சின்னமும் இருக்கின்றன. வெயிலும் உப்புக்காற்றும் அந்த எழுத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. காலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால்தான் எழுத்தின் பள்ளம் தெரியும், உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் கல். கோயிலுக்குப் போகும் கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் ஒருவர் எடுத்துவைத்தால் போதும். பெரிய திறமை தேவையில்லை.

வெளிச்சத்துக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. டச்சுக் குடாவில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். பொழுதுபட உட்துறைமுகப் பக்கம் நடந்துபோனால் அதே சூரியன் தண்ணீரின் மேலே இறங்குவதைப் பார்க்கலாம். இரண்டு கரைக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் ஊர் கிடப்பதால் கிடைத்த வரம் இது. கச்சான் வீசும் மாதங்களில் பின்னேர வெளிச்சத்தில் புழுதி மிதக்கும், முகங்கள் செம்மண் நிறமாகும். வாடை தொடங்கினால் வானம் முழுக்க மேகம், நிழல் விழாத மென்மையான வெளிச்சம், ஆட்களைப் படமெடுக்க அதைவிட நல்லது வேறில்லை. வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துடையுங்கள். உப்பு சும்மா விடாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பைக்குள் போட மறக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்தால் லென்ஸ் போனதுதான்.

மான்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோட்டைக்குள் ஆலமர நிழலிலும், விடியற்காலையில் கடற்கரை மணலிலும், சில நேரம் கடைத்தெரு ஓரத்திலும் புள்ளிமான் நிற்கும் நகரம் வேறெங்கே இருக்கிறது? அந்த மானுக்கு பிஸ்கட் நீட்டிப் படமெடுப்பதை நிறுத்துங்கள். மன்றாடிக் கேட்கிறேன். பிஸ்கட்டோடு பொலித்தீனும் போகிறது. சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் ஷீட்டை மான் மென்றுகொண்டு நிற்பதை இந்த ஊரில் பார்க்காதவர் உண்டா? அது வயிற்றில் அடைத்தால் விலங்கு சாகும், வேறு வழியில்லை. கையிலிருந்து தின்னப் பழகிய மான் வாகனத்துக்கும் நாய்க்கும் பயப்படாது. தீனி காட்டி எடுத்த படத்தில் மான் உங்கள் கையைத்தான் பார்க்கும், அது மானின் படமே இல்லை. தள்ளி உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். கமரா மானின் கண்மட்டத்துக்கு வரட்டும். சூரியன் அதன் காதுக்குப் பின்னால் வந்தால் காதின் நரம்பு சிவப்பாகத் தெரியும். அது கொம்பை மரத்தில் தேய்க்கும், குட்டியை நக்கும், மற்றதோடு முட்டும். இதெல்லாம் பொறுத்திருப்பவனுக்கு மட்டும் கிடைப்பவை.

மனிதரை எடுப்பதிலும் இதே நியாயம்தான். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு ஒலிக்க, கால் மணலில் புதைய, இரண்டு கயிற்று ஓரத்திலும் ஆட்கள் சாய்ந்து நிற்பது எந்தக் கமராவையும் இழுக்கும் காட்சி. ஆனால் அது அவர்களுடைய வேலைத்தளம். கேட்டுவிட்டு எடுங்கள். வலை கரைக்கு வரும்வரை ஒரு கை பிடித்தால் இன்னும் நல்லது. ஒருமுறை உப்புவெளிப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, எத்தனையோ பேர் வந்து எடுத்துக்கொண்டு போறாங்க. எங்கட படத்த நாங்க இன்னும் பார்க்கல்ல." அடுத்த தடவை படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் படத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொருவரின் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். படத்தில் இருந்த அந்த மற்றவர் அதற்கிடையில் காலமாகியிருந்தார். அந்தப் படத்தை அவருடைய மகள் வாங்கிக்கொண்டு போனார். நான் எடுத்த படங்களில் மதிப்புள்ளது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துக்கொண்டிருப்பவர்களை எடுக்காதீர்கள். முகாம் பக்கம், கடற்படைத் தளப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். பிள்ளைகளை எடுப்பதென்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள்.

எடுத்தபின் செய்ய வேண்டியதுதான் பலரும் செய்யாதது. பெயர் எழுதுங்கள். எங்கே, எப்போது, யார், என்ன வேலை. கமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டதால் படம் பத்திரமாகிவிட்டது என்று நம்பாதீர்கள். ஏற்றும்போது படம் சுருக்கப்படும், எடுத்த நேரமும் இடமும் சொல்லும் தகவல் பெரும்பாலும் கழன்றுவிடும். மூலப் படத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமானவற்றைக் கடதாசியில் கழுவி, பின்பக்கம் பென்சிலால் விவரம் எழுதுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம், படங்களுக்கும் ஒலிகளுக்கும் 'ஆவணகம்' என்ற தளத்தை நடத்துகிறது. ஊர்ப் படங்களுக்கு அங்கே இடம் இருக்கிறது.

பழைய ஸ்டூடியோ வைத்திருந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அலுமாரியில் நெகட்டிவ் பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே திருப்பித் தருகிறேன். கிண்ணியாப் பாதை, இறால்குழிப் பாதை, உப்பாற்றுப் பாதை, பழைய மூதூர் இறங்குதுறை என எந்தப் படம் யாரிடம் இருந்தாலும், மங்கியிருந்தாலும், பாதி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அதில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.